தாமான் மூலையில் இருக்கும் கழிவுநீர் நிலையம் ஏன் நாறுகிறது?

கேட்கப்பட்டது இதுதான். பினாங்கு பெருநிலத்தில் சிம்பாங் அம்பாட்டுக்கு அருகே 180 தரைவீடுகள் கொண்ட ஒரு தாமான், அதாவது குடியிருப்புப் பகுதி. அதன் மூலையில் வேலி போட்ட சிறிய கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம். சில மாதங்களாக விடியற்காலையில் அழுகிய முட்டை வாடை வீசுகிறது. முன்புபோல் இரவில் மோட்டார் சத்தம் கேட்பதில்லை. தொட்டியின் மேல் தடித்த பழுப்பு நுரை மிதக்கிறது. பெருமழை பெய்தால் வெளியேறும் நீரும் பழுப்பாகிவிடுகிறது. குடியிருப்பாளர் சங்கத்தில் பாதிப் பேர், நிலையத்தை மூடிவிட்டுப் பெரிய நிலையத்துக்குக் குழாய் இழுக்க வேண்டும் என்கிறார்கள். பக்கத்தில் எழும்பும் 120 வீட்டு அடுக்குமாடியும் இங்கேயே இணையப் பார்க்கிறது. வெளியேறும் நீரைக் கீரைப் பாத்திக்கு ஊற்றலாமா என்று ஒருவர் கேட்டிருக்கிறார்.

நீங்கள் எழுதியிருக்கும் அடையாளங்களே நோயைச் சொல்லிவிடுகின்றன. நிலையத்துக்குக் காற்றுப் போதவில்லை. உள்ளே சேர்ந்த கசடு வெளியேற்றப்படவில்லை. இவற்றில் இரண்டாவதுதான் பெரியது. பல ஆண்டுகள் இத்தகைய நிலையங்களோடு பழகியவன் என்ற முறையில் சொல்கிறேன்: சிறு நிலையங்களில் பெரும்பாலானவை இயந்திரம் பழுதாகிக் கெடுவதில்லை, கசடு அள்ளும் லாரி வராமல் கெடுகின்றன. இது ஏன் என்று புரிந்துகொண்டால் சங்கக் கூட்டத்தில் யாரிடம் எதைக் கேட்க வேண்டும் என்பதும் தெளிவாகிவிடும். அதனால் உள்ளே நடப்பதை முதலில் சொல்கிறேன்.

மலேசிய வடிவமைப்பு விதியில் ஒரு வீட்டுக்கு ஐந்து பேர், ஒருவருக்கு நாளொன்றுக்கு 225 லிட்டர் கழிவுநீர் என்று கணக்கு. உங்கள் 180 வீடுகள் 900 பேராகின்றன. நாளுக்குச் சுமார் 200 கன மீட்டர் கழிவுநீர் வருகிறது. அதில் கரைந்தும் மிதந்தும் வரும் மாசை, நுண்ணுயிரிகள் தின்று தீர்க்க எவ்வளவு ஆக்சிஜன் தேவைப்படும் என்பதை வைத்து அளக்கிறார்கள். ஆய்வுக்கூட அறிக்கையில் பி.ஓ.டி. என்று வருவது அந்த அளவுதான். ஒருவருக்கு நாளுக்கு 55 கிராம் என்றால் உங்கள் தாமானுக்கு ஏறத்தாழ 50 கிலோ. நிலையத்துக்குள் நுழையும்போது லிட்டருக்கு 240 மில்லிகிராம் அளவில் இருக்கும் இந்த பி.ஓ.டி., வெளியேறும்போது சட்டம் சொல்லும் வரம்புக்குள் இறங்கியிருக்க வேண்டும். 2009ஆம் ஆண்டுக் கழிவுநீர் விதிமுறைகளின்படி, குடிநீருக்கு ஆற்றில் நீர் எடுக்கும் இடத்துக்கு மேற்பகுதியில் இருக்கும் நிலையங்களுக்கு ‘ஏ’ தரம், அதாவது 20 மில்லிகிராம். மற்ற இடங்களுக்கு ‘பி’ தரம், 50 மில்லிகிராம். பழைய காலத்தில் அங்கீகரிக்கப்பட்ட நிலையங்களுக்குத் தளர்வான வரம்புகளும் உண்டு. ஆகவே உங்கள் நிலையம் எந்த ஆண்டில் அங்கீகாரம் பெற்றது, எந்தத் தரத்துக்குக் கட்டுப்பட்டது என்பதை முதலில் விசாரியுங்கள்.

வருகிற நீர் முதலில் கம்பிச் சல்லடையில் துணி, பிளாஸ்டிக் முதலியவற்றை விடுகிறது. பிறகு மணலும் எண்ணெயும் பிரிகின்றன. அதன்பின் காற்றூட்டும் தொட்டி. உங்கள் அளவுள்ள நிலையத்தில் இது சுமார் 200 கன மீட்டர் கொள்ளும். நீர் ஏறத்தாழ ஒரு முழு நாள் அங்கே சுழல்கிறது. புளோவர் அடியிலிருந்து காற்றை ஊதுகிறது. பழுப்பு நிறத்தில் கலங்கித் தெரிவது அழுக்கன்று. அது உயிருள்ள நுண்ணுயிரித் திரள். அந்தக் கலங்கல் அடுத்த தொட்டியில் சில மணி நேரம் அசையாமல் நின்று அடியில் படிகிறது. மேலே தெளிந்த நீர் விளிம்பு வழியே வழிந்து கால்வாய்க்குப் போகிறது. அடியில் படிந்த கசட்டைப் பம்ப் மீண்டும் காற்றூட்டும் தொட்டிக்கே அனுப்புகிறது.

இந்தத் திருப்பி அனுப்புதலில்தான் முழு முறையின் உயிரும் இருக்கிறது. 1914இல் இங்கிலாந்தின் மான்செஸ்டரில் ஆர்டர்ன், லாக்கெட் என்ற இருவர் இதைக் கண்டு சொன்னார்கள். கழிவுநீருக்குள் காற்றை மட்டும் ஊதினால் அது முழுமையாகத் தூய்மையாக வாரக்கணக்கில் ஆனது. அவர்கள் தெளிந்த நீரை மட்டும் வடித்துவிட்டு, படிந்த கசட்டை அப்படியே வைத்துக்கொண்டு அதன்மேல் புதிய கழிவுநீரை ஊற்றிக் காற்றடித்தார்கள். திரும்பத் திரும்ப இப்படிச் செய்தபோது வாரக்கணக்கில் நடந்த வேலை ஒரு நாளுக்குள் முடியத் தொடங்கியது. பாலில் உறைமோர் செய்யும் வேலையை அங்கே கசடு செய்கிறது. கழிவைத் தின்பதும் இந்தக் கசடுதான், தின்று தின்று பெருகுவதும் இந்தக் கசடுதான்.

பெருகுவதால் ஒரு பகுதியை அவ்வப்போது வெளியே எடுத்தே ஆக வேண்டும். நிறைய நிலையங்கள் தவறும் இடம் இது. நாளுக்கு 50 கிலோ பி.ஓ.டி. உள்ளே வந்தால், உலர்ந்த எடையில் சுமார் 20 கிலோ புதுக் கசடு உருவாகிறது. நல்ல நிலையில் இருக்கும் 200 கன மீட்டர் தொட்டியில் லிட்டருக்கு 3,000 மில்லிகிராம் என்ற அளவில் கசடு இருக்கும். மொத்தம் 600 கிலோ. நாளுக்கு 20 கிலோ சேர்ந்தால் ஒரே மாதத்தில் இருப்பு ஏறத்தாழ இரட்டிப்பாகிவிடும். படிவுத் தொட்டியால் அந்தப் பாரத்தைத் தாங்க முடியாது. கசட்டுப் படுகை விளிம்பு வரை ஏறி நிற்கும். ஒரு நல்ல மழை வந்து ஓட்டம் கூடினால் போதும், படுகை கலங்கி அப்படியே கால்வாய்க்குப் போய்விடும். மழை நாளில் நீங்கள் பார்க்கும் பழுப்பு நீர் பெரும்பாலும் இதுதான். எடுக்க வேண்டிய கசட்டை மனிதர்கள் எடுக்காததால் மழை எடுத்துச் செல்கிறது. இதனால் இரட்டை நட்டம்: கால்வாய் கெடுகிறது, தின்ன வேண்டிய நுண்ணுயிரிகளும் போய்விடுகின்றன.

அந்த 20 கிலோவைத் தண்ணீரோடு சேர்த்து எடுக்கும்போது இரண்டு, இரண்டரை கன மீட்டர் கசட்டுநீர் ஆகிறது. தேக்கத் தொட்டியில் அதைப் படியவிட்டு மேல்நீரை வடித்தாலும் நாளுக்கு ஒரு கன மீட்டர் போல மிஞ்சும். அதாவது மாதத்துக்கு 30 கன மீட்டர் கசட்டை லாரிகள் வந்து உறிஞ்சிச் செல்ல வேண்டும். தேக்கத் தொட்டியிலேயே நெடுநாள் கிடந்தால் கசடு செரித்துக் கொஞ்சம் குறையும் என்பது உண்மை. ஆனாலும் “ஆண்டுக்கு ஒரு தடவை லாரி வருகிறது” என்று யாராவது சொன்னால், மீதிக் கசடு எங்கே போயிற்று என்று கேளுங்கள். அதற்கு ஒரே வழிதான் இருக்கிறது, அது கால்வாய் வழி.

நிலையத்தின் நலத்தை அறிய ஆய்வுக்கூடம் வேண்டியதில்லை. காற்றூட்டும் தொட்டியிலிருந்து ஒரு லிட்டர் கலங்கலைக் கண்ணாடி உருளையில் எடுத்து அரை மணி நேரம் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். 200 முதல் 400 மில்லிலிட்டர் வரை படிந்து மேலே தெளிவாக இருந்தால் நிலைமை நன்று. 800, 900 என்று நின்றால் கசடு அளவுக்கு மீறிவிட்டது, அல்லது இழைபோன்ற நுண்ணுயிரிகள் பெருகிப் படியவிடாமல் தடுக்கின்றன. நல்ல கலங்கல் சாக்லெட் பழுப்பாக இருக்கும், மழையில் நனைந்த மண் போல மணக்கும். கறுத்திருந்தால் காற்று இல்லை. தொட்டியின் மேல் இலேசான வெள்ளை நுரை கசடு குறைவாக இருப்பதைக் காட்டும். உங்களுடையது போன்ற தடித்த பழுப்பு நுரையோ, வயதாகிப்போன கசட்டுக்கும் எண்ணெய்க்கும் அடையாளம். நிலையத்தைக் கவனிப்பவர் இந்த உருளைச் சோதனையைச் செய்து குறித்து வைக்கிறாரா என்று கேட்டாலே அவர் தொழிலை எவ்வளவு மதிக்கிறார் என்பது தெரிந்துவிடும்.

காற்றைப் பற்றி. அழுகிய முட்டை வாடை ஹைட்ரஜன் சல்பைடு வாயுவுடையது. ஆக்சிஜன் தீர்ந்த இடத்தில் மட்டுமே அது பிறக்கும். தொட்டியில் எப்போதும் லிட்டருக்கு ஏறக்குறைய 2 மில்லிகிராம் கரைந்த ஆக்சிஜன் இருந்தால் அங்கே இந்த வாயு பிறக்காது. இரவில் மோட்டார் சத்தம் கேட்பதில்லை என்கிறீர்கள். விடியற்காலையில்தான் நாற்றம் என்றும் சொல்கிறீர்கள். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் இரவில் புளோவரை நிறுத்திவிடுகிறார்கள் என்றே தோன்றுகிறது. காரணம் மின்கட்டணமாக இருக்கலாம். உங்கள் நிலையத்துக்குக் காற்றூட்ட நாளுக்கு 100 யூனிட் அளவில் மின்சாரம் வேண்டும். நிலையத்தின் செலவில் பெரும்பங்கு அதுதான். குறுகிய நேரம் நிறுத்தி மீண்டும் ஓட்டுவது தவறில்லை. நைட்ரேட்டைக் குறைக்க வேண்டுமென்றே அப்படிச் செய்வதும் உண்டு. இரவு முழுவதும் நிறுத்துவது வேறு. நம் வெப்பத்தில் நுண்ணுயிரிகள் வேகமாக மூச்சு விடுகின்றன. நீர் 28, 30 பாகையில் இருக்கும்போது, நிறுத்திய சிறிது நேரத்திலேயே ஆக்சிஜன் தீர்ந்துவிடும். கசடு மிகுந்த தொட்டியில் இன்னும் விரைவாகத் தீரும். ஒரு குறை மற்றதைப் பெரிதாக்குவதால்தான் கசட்டை முதலில் குறைக்கச் சொல்கிறேன்.

காற்றுக் குறைந்தால் முதலில் நின்றுபோவது அமோனியாவை நைட்ரேட்டாக்கும் வேலை. அதைச் செய்யும் நுண்ணுயிரிகள் மெதுவாக வளர்பவை, எளிதில் தளர்பவை. ஒரு கிலோ அமோனியா நைட்ரஜனை மாற்ற 4.6 கிலோ ஆக்சிஜன் கேட்பவை. நீர் பளிங்குபோல் தெளிந்திருந்தாலும் அமோனியா அப்படியே வெளியேறும், கண்ணுக்குத் தெரியாது. மீனுக்கு அது நஞ்சு. உங்கள் பகுதிக் கால்வாய்கள் மேற்கே கடலை நோக்கிப் போகின்றன. புக்கிட் தம்புன் கரையில் மீனையும் இறாலையும் நம்பி வாழும் குடும்பங்கள் இருக்கின்றன. குடிநீருக்கும் அமோனியா ஆகாது. லங்காட் ஆற்றில் அமோனியா மிகுந்து குடிநீர் ஆலைகள் நிறுத்தப்பட்ட நாட்களைக் கோலாலம்பூர்ப் பக்கம் இருப்பவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். வழக்கமான குடிநீர் ஆலைகள் அமோனியாவை அகற்றுவதற்கென்று கட்டப்பட்டவை அல்ல.

நிலையத்தை நடத்துபவரை மட்டும் குறை சொல்லி நிறுத்த முடியாது. 180 வீடுகளுக்கும் இதில் பங்கு உண்டு. தீபாவளிக்கு முந்தைய வாரம் முறுக்கும் அதிரசமும் சுட்ட எண்ணெய் எங்கே போகிறது என்று ஒவ்வொரு வீட்டிலும் கேட்டுப் பாருங்கள். நாம் பயன்படுத்தும் செம்பனை எண்ணெய் சோப்போடு சேர்ந்து குழாயின் சுவரில் படியும். நிலையம் வரை வந்து சேர்வதோ நுரையாக மிதக்கும், நுண்ணுயிரித் திரளைப் பூசி மூடும். பழைய எண்ணெயைப் புட்டியில் அடைத்து வைத்தால் அதை விலைக்கு வாங்கிக்கொள்ளும் மறுசுழற்சிக்காரர்கள் உண்டு. ஈரத் துடைப்பான்களும் அணையாடைகளும் பம்ப் விசிறியில் சுற்றிக்கொள்ளும். பொட்டலத்தில் என்ன எழுதியிருந்தாலும் அவற்றைக் கழிப்பறைக்குள் போடக் கூடாது.

இதைவிட அதிகம் கெடுப்பது மழைநீர். நம் நாட்டில் மழைநீருக்கு ஒரு வழி, கழிவுநீருக்கு வேறு வழி. ஆனால் வீட்டைப் பின்பக்கம் நீட்டிச் சமையலறை கட்டும்போது என்ன நடக்கிறது? கூரைக் குழாயையும் பின்கட்டின் தரை வடிகாலையும் பக்கத்திலிருக்கும் கழிவுநீர் மேன்ஹோலிலேயே இணைத்துவிடுகிறார்கள். சிலர் மேன்ஹோலின் மேலேயே தரை போட்டுவிடுகிறார்கள். பத்து வீட்டுக் கூரை நீர் ஒரு மணி நேரத்தில் உள்ளே வந்தால் சிறிய நிலையம் திணறிப்போகும். பெரிய நிலையத்துக்கு அது உறைக்காது. மழை நின்ற பிறகும் பழுப்பு நீர் தொடர்கிறதா, பெருமழையின்போது மட்டும் வருகிறதா என்று கவனியுங்கள். மழையின்போது மட்டும் என்றால், கசட்டோடு இந்தத் திருட்டு இணைப்புகளையும் தேட வேண்டும். அண்டை வீட்டாரிடம் இதைச் சொல்வது சங்கடம்தான், ஆனாலும் சொல்லத்தான் வேண்டும்.

ஒன்றை இங்கே அழுத்திச் சொல்லிவிடுகிறேன். நாற்றத்தின் காரணத்தைத் தேடி உங்களில் எவரும் மேன்ஹோலுக்குள்ளோ தொட்டிக்குள்ளோ இறங்கக் கூடாது. குனிந்து தலையை நீட்டவும் கூடாது. ஹைட்ரஜன் சல்பைடு காற்றைவிடக் கனமானது. குழியின் அடியில் தங்கும். காற்றில் பத்து லட்சத்தில் நூறு பங்கு அளவை எட்டும்போது மூக்கின் உணர்வையே மரத்துப்போகச் செய்துவிடும். நாற்றம் நின்றுவிட்டதே என்று நினைக்கும் நொடிதான் மிக ஆபத்தானது. முதலில் மயங்கியவரைத் தூக்க இறங்கும் இரண்டாமவரும் மூன்றாமவரும் அங்கேயே விழுவது இத்தகைய விபத்துகளில் திரும்பத் திரும்ப நடக்கிறது. அடைபட்ட இடங்களில் வேலை செய்வதற்கு மலேசியாவில் 2010இல் வெளியான நடைமுறைக் கோவை இருக்கிறது. தகுதி பெற்றவர் வாயுவை அளக்க வேண்டும். எழுத்தில் அனுமதி வேண்டும். வெளியே ஒருவர் காவலுக்கு நிற்க வேண்டும். கசடு எடுக்க வரும் தொழிலாளர்கள் இவை இல்லாமல் இறங்குவதைக் கண்டால் வேலையை நிறுத்தச் சொல்லுங்கள். வேலை ஒரு நாள் தள்ளிப்போனால் போகட்டும்.

இனி, யாரிடம் போவது? நிலையம் யார் பொறுப்பில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது அது. 1993ஆம் ஆண்டுக் கழிவுநீர்ச் சேவைச் சட்டத்துக்குப் பிறகு, ஊராட்சி மன்றங்களிடமிருந்த இந்தப் பணி படிப்படியாக இண்டா வாட்டர் என்ற தேசியக் கழிவுநீர் நிறுவனத்திடம் போனது. 2000ஆம் ஆண்டு முதல் அந்நிறுவனம் நிதியமைச்சின் கையில் இருக்கிறது. தாமான்களில் மேம்பாட்டாளர் கட்டிய நிலையங்கள் முறைப்படி ஒப்படைக்கப்பட்டால் பொது நிலையங்களாகும். ஒப்படைக்கப்படாமல் தனியார் நிலையமாகவே நின்றுவிட்டவையும் உண்டு. அவற்றின் பராமரிப்பு உரிமையாளருடைய கடமை. வேலியில் தொங்கும் பலகையையும் உங்கள் கழிவுநீர்க் கட்டண ரசீதையும் பார்த்தால் பெரும்பாலும் விடை கிடைத்துவிடும். நடத்துபவர் உரிமத்தைக் கவனிப்பது தேசிய நீர்ச் சேவை ஆணையமான ஸ்பான். வெளியேறும் நீரின் தரத்தைக் கவனிப்பது சுற்றுச்சூழல் துறை. புகாரில் “நாற்றமடிக்கிறது” என்று மட்டும் எழுதினால் ஒருவர் வந்து மோந்துவிட்டுப் போவார். எந்தெந்த நாள், எத்தனை மணிக்கு மோட்டார் நின்றது, எந்த மழைக்குப் பிறகு நீர் பழுப்பானது என்று படத்துடன் எழுதுங்கள். கடந்த ஓராண்டின் கசடு அள்ளிய பதிவையும் மாதாந்தர நீர்த்தர அறிக்கையையும் கேளுங்கள். நிலையம் தகுதிச் சான்று பெற்றவரின் மேற்பார்வையில் இயங்குகிறதா என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். 2009 விதிமுறைகளே அதை வேண்டுகின்றன.

மூடிவிட்டுப் பெரிய நிலையத்துக்கு அனுப்பலாமே என்ற யோசனை தவறானதன்று. தாமானுக்குத் தாமான் மேம்பாட்டாளர்கள் தனித்தனியே கட்டியதால்தான் இண்டா வாட்டர் இன்று 7,000க்கும் மேற்பட்ட நிலையங்களைக் கட்டிக் காக்க வேண்டியிருக்கிறது. அவற்றுள் மிகப் பல சிறியவை. பினாங்குத் தீவில் ஜெலுத்தோங் நிலையம், கோலாலம்பூரில் நிலத்துக்கடியில் கட்டப்பட்ட பந்தாய் நிலையம் போன்றவற்றில் இரவும் பகலும் ஆளிருக்கும், மாற்றுப் புளோவர் இருக்கும், கசட்டைப் பிழிந்து உலர்த்தும் இயந்திரம் அங்கேயே இருக்கும். அந்தக் கவனிப்பு மூலைக்கு மூலை நிற்கும் சிறு நிலையத்துக்கு ஒருநாளும் கிடைக்காது. ஆனால் கழிவுநீர் சரிவில் ஓட வேண்டும். உங்கள் பகுதி தட்டையான கரையோர நிலம். குழாய் ஆழமாகிக்கொண்டே போகும், நடுவில் பம்ப் நிலையம் வேண்டும். அந்தப் பம்ப் நின்றால் சுத்திகரிக்காத கழிவே கால்வாயில் விழும். முதன்மைக் குழாய் உங்கள் வட்டாரத்துக்கு வரும் திட்டம் இருந்தால் ஆதரியுங்கள். அது வர ஆண்டுகள் ஆகும். “எப்படியும் மூடப்போகிறோம்” என்று சொல்லி இந்த நிலையத்தைக் கவனிக்காமல் விட மட்டும் இடம் கொடுக்காதீர்கள்.

அடுக்குமாடி விஷயத்தில் கணக்கே பேசட்டும். 120 வீடுகளுக்கு 600 பேர் என்றால் மொத்தம் 1,500 பேர், நாளுக்கு 337 கன மீட்டர். ஒரு நாள் தங்க வேண்டிய நீர் அதே 200 கன மீட்டர் தொட்டியில் 14 மணி நேரம்தான் தங்கும். கசடு நாளுக்கு 20 கிலோவுக்குப் பதில் 33 கிலோ. படிவுத் தொட்டியின் பரப்பும் புளோவரின் திறனும் கூட்டப்படாமல் இணைப்புக் கொடுத்தால் நீங்கள் இன்று படும் அவதி பல மடங்காகும். 2006ஆம் ஆண்டு நீர்ச் சேவைத் தொழில்துறைச் சட்டத்தின்படி இத்தகைய இணைப்புக்கு முன்கூட்டியே அனுமதி வேண்டும். நிலையத்தின் அங்கீகரிக்கப்பட்ட கொள்ளளவு எத்தனை பேருக்கு என்ற ஒற்றைக் கேள்வியை எழுத்தில் கேட்டு, எழுத்திலேயே பதில் வாங்குங்கள். மேம்பாட்டாளர் தம் செலவில் இன்னொரு தொட்டியும் புதிய புளோவரும் சேர்த்து நிலையத்தை விரிவாக்க முன்வந்தால் எதிர்க்க வேண்டாம். பழைய நிலையத்துக்குப் புத்துயிர் கிடைக்க அது நல்ல வாய்ப்பும்கூட.

கீரைப் பாத்திக்கு அந்த நீர் வேண்டாம். நிலையம் சீராக இயங்கும் நாளிலும் வேண்டாம். இத்தகைய நிலையங்களில் மாசு குறைக்கப்படுகிறது, கிருமிகள் கொல்லப்படுவதில்லை. 2009 விதிமுறைகளில் குடற்கிருமிகளுக்கு வரம்பே விதிக்கப்படவில்லை; அதனால் கடைசியில் குளோரின் கலக்கும் வழக்கமும் பொதுவாக இல்லை. தெளிந்த நீரிலும் கிருமிகளும் புழு முட்டைகளும் இருக்கும். தண்டுக்கீரை, வெள்ளரி, புதினா போன்று தரையை ஒட்டி வளர்பவற்றில் அவை ஒட்டிக்கொள்ளும். கழுவினாலும் முழுதாகப் போகாது. வாழை, தென்னைக்கு வேரடியில் மட்டும் விடலாம் என்றால் அதற்கும் கையுறையும் காலணியும் வேண்டும், விட்ட இடத்தில் பிள்ளைகள் விளையாடக் கூடாது. கீரை வளர்ப்பவருக்குக் கூரை நீரைச் சேர்க்க ஒரு பீப்பாய் வாங்கிக் கொடுங்கள். அப்படிச் செய்தால் அந்த ஒரு வீட்டுக் கூரை நீராவது மேன்ஹோலுக்குள் போகாமல் இருக்கும்.